தாங்கும் அளவு

முப்பது வருஷம் கோர்ட்டில் தொண்டை கிழியக் கத்தியவனைப் பிடித்து மறுபடியும் பெஞ்சில் உட்காரவைத்துப் பாடம் நடத்துகிறார்கள் என்றால், நடத்துகிறவர்களுக்கும் வெட்கம் இல்லை, உட்கார்ந்திருக்கிற எனக்கும் இல்லை. பாளையங்கோட்டையில் வக்கீல் ஆவுடையப்பன் குறுக்கு விசாரணை என்றால் ஒரு காலத்தில் சாட்சிகள் ஒரு சொம்பு தண்ணீர் குடித்துவிட்டுத்தான் கூண்டில் ஏறுவார்கள். அந்த ஆவுடையப்பன் இப்போது மாலை வகுப்பு மாணவன். படிப்பதோ மத்தியஸ்தச் சட்டம்.

கேஸ் தேங்குகிறது, கேஸ் தேங்குகிறது என்று ஊரே ஒப்பாரி வைத்தது. கடைசியில் வைத்தியம் வந்து சேர்ந்தது. பீரோ அளவுக்குச் சாம்பல் நிறத்தில் ஒரு பெட்டி, குளிரூட்டிய அறை, எதிரெதிரே இரண்டு நாற்காலிகள், நெற்றியில் கட்டிக்கொள்ள இரண்டு பட்டைகள். சட்டப்படி அதற்கு இயந்திர நடுவர் என்று பெயர். நாங்கள் நாட்டாமை என்போம். ஜனங்கள் கோர்ட்டை விட்டுவிட்டு அங்கே போய் வரிசையில் நின்றார்கள். வக்கீல்களும் பிழைக்க வேண்டுமே என்று சர்க்கார் ஒரு கருணை காட்டியது. சான்றிதழ் படிப்பை முடித்தால் கட்சிக்காரரின் பக்கத்தில் 'உடன் அமர்பவர்' என்று உட்காரலாம். பேசக் கூடாது. ஆஸ்பத்திரிக்குத் துணைக்குப் போகிறவன் செய்கிற வேலை. அதற்கு ஒரு பாடத்திட்டம், ஒரு பரீட்சை, கண்ணாடிக் கதவு போட்ட ஒரு பயிலகம்.

பாடம் நடத்தியவர் முனைவர் ஹெப்சிபா. முப்பத்தைந்து வயது இருக்கும். ஒரு நாளும் ஒரு சாட்சியின் வியர்வை வாடையைக் கூட முகர்ந்திராதவர். முதல் வகுப்பிலேயே நான் எழுந்து கேட்டேன்.

"மேடம், யாரு பக்கம் நியாயம்னு இந்தப் பெட்டிக்கு எப்படித் தெரியும்?"

"அதைப் பார்க்காது சார்."

"பின்ன என்னத்தப் பாக்கும்?"

"ஒரு மனுஷன் எதுவரைக்கும் விட்டுக்கொடுத்தா நிம்மதியாத் தூங்குவான்னு பார்க்கும். அதைத் தாண்டினா தாங்க மாட்டான்னு ஒரு இடம் எல்லாருக்குள்ளயும் இருக்கு. அதுதான் தாங்கும் அளவு. ரெண்டு பேரோட அளவையும் எடுத்து, ரெண்டு பேரும் தாங்குற மாதிரி ஒரு முடிவு சொல்லும். வெளியே வர்றப்ப ரெண்டு பேரும் 'திருப்தி'ன்னு பொத்தானை அமுக்கிட்டு வருவாங்க. உங்க கேஸ்ல எத்தனை பேரு சார் திருப்தியா வெளியே போனாங்க?"

வகுப்பு சிரித்தது. சிரித்தவர்கள் எல்லாரும் வக்கீல்கள்தான். தன் பிழைப்பில் மண்ணைப் போடுகிறவளின் நகைச்சுவைக்கு முதல் ஆளாகச் சிரிப்பதற்கு எங்கள் சாதிசனத்தை மிஞ்ச ஆள் கிடையாது.

சிரிக்காமல் இருந்த ஒருத்தி எனக்கு முன் பெஞ்சில் இருந்தாள். பெயர் பிரம்மசக்தி. அவளும் அவள் புருஷன் மாசானமுத்துவும் சேர்ந்து வக்கீல் ஆபீஸ் வைத்திருந்தார்கள். இரண்டு பேரும் வகுப்பில் இருந்தார்கள். சட்டம் அவள் தலையில் இருந்தது. அவன் தலையில் எண்ணெய் இருந்தது. கோர்ட்டில் நின்று வாதாடியது பெரும்பாலும் அவன்தான், அவள் எழுதிக்கொடுத்ததை வைத்துக்கொண்டு. மாசானமுத்து கெட்டவன் இல்லை. கெட்டவனாக இருப்பதற்கும் கொஞ்சம் முயற்சி வேண்டும்.

பருவத்தின் நடுவில் செய்முறை வகுப்பு வந்தது. இரண்டிரண்டு பேராக நாட்டாமை முன் உட்கார்ந்து ஒரு தகராறைத் தீர்த்துக்கொள்ள வேண்டும்.

"கற்பனை வழக்கு கொண்டுவராதீங்க. ஆசை இல்லாத இடத்துல இயந்திரத்துக்கு அளக்க ஒண்ணும் இருக்காது. நிஜமான தகராறா, ஆனா சின்னதா ஒண்ணு கொண்டுவாங்க" என்றார் ஹெப்சிபா. ஆளுக்கொரு தாளை நீட்டினார். கையெழுத்துப் போட்டோம்.

எனக்கு ஜோடியாக வாய்த்தவன் ஒரு நோட்டரி. பயிலகத்து வாசலில் இருக்கும் வேப்பமர நிழலில் யார் வண்டியை நிறுத்துவது என்பதுதான் எங்கள் தகராறு. பட்டையைக் கட்டினார்கள். பெட்டி என்னிடம் என்னென்னவோ கேட்டது. வெயிலைப் பற்றி, வண்டியின் சீட்டைப் பற்றி, செத்துப்போன என் அப்பாவைப் பற்றி. கடைசியில் நிழல் நோட்டரிக்கு என்றது. எனக்குக் கோபமே வரவில்லை. அதுதான் அசிங்கம். 'போகிறது போ' என்று மனசு இளகி, பல்லை இளித்துக்கொண்டு திருப்தியை அமுக்கிவிட்டு வந்தேன்.

பிரம்மசக்தியும் மாசானமுத்துவும் ஆபீஸ் ஜன்னலோர நாற்காலி யாருக்கு என்ற தகராறோடு உள்ளே போனார்கள். எல்லாரையும் விட அவர்கள் வெளியே வர நேரமானது. வரும்போது அவன் முகம் துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. அவள் சிரித்த மாதிரி இருந்தாள். நாற்காலி யாருக்கு என்று கேட்டதற்கு, "அவ்வோளுக்குத்தான் அண்ணாச்சி" என்று புருஷனைக் காட்டிவிட்டுப் போய்விட்டாள்.

மறுநாள் சாயங்காலம் நான் வண்டியை நிழலில் விடப் போனேன். தரையிலிருந்து ஒரு கம்பி எழும்பி நின்றது. பின்னால் தள்ளினால் கம்பி இறங்குகிறது, முன்னால் வந்தால் எழும்புகிறது. நோட்டரியின் வண்டிக்கு அது அசையவில்லை. மூதேவிப் பெட்டி, செய்முறைக்குச் சொன்ன தீர்ப்பை நிறைவேற்றிக்கொண்டிருக்கிறது!

எனக்கு அதைப் பற்றி எரிந்து விழக்கூட நேரம் கிடைக்கவில்லை. பிரம்மசக்தி வாசலில் வந்து நின்றாள். கையில் அவளுடைய வக்கீல் அட்டை.

"அண்ணாச்சி, கார்டு செத்துப் போச்சு. கோர்ட்டுக்கு உள்ள விட மாட்டேங்கு. எம்பேரே பதிவுல இல்லங்கு."

"ஏன்?"

"நேத்து தீர்ப்பு. நாக்காலியப் பத்தித்தான் ஆரம்பிச்சுது. அப்புறம் யாருக்கு எத்தன கட்சிக்காரங்க வாராகன்னு கேட்டுது. அப்புறம் வீட்டப் பத்தி, புள்ளையப் பத்தி. ஒரே வீட்ல ரெண்டு வக்கீலு எதுக்குன்னு அவ்வோ மனசுக்குள்ள இருந்திருக்கு போல. வாய் தொறந்து சொன்னதில்ல. அதப் பெட்டி தோண்டி எடுத்துட்டுது. நான் தொழில விட்டு வெலகுனா ரெண்டு பேரும் தாங்குவோம்னு சொல்லிட்டுது."

"நீ எதுக்குட்டீ திருப்தின்னு அமுக்குன?"

"அந்த நேரத்துக்குச் சரின்னுதான் பட்டுது அண்ணாச்சி. வலிக்கவே இல்ல. எல்லாருக்கும் போட்டுட்டு, சட்டியில மிச்சம் இருக்கத வழிச்சுத் தின்னுட்டு எந்திரிக்கும்போது வயிறு நெறஞ்ச மாதிரி இருக்கும்லா, அப்படி இருந்துச்சு. விடிஞ்ச பொறவுதான் அய்யோன்னு இருக்கு. எனக்கு இந்தத் தொழில் வேணும் அண்ணாச்சி. வேற ஒண்ணும் வேண்டாம். இது வேணும்."

அவளைக் கூட்டிக்கொண்டு ஹெப்சிபாவிடம் போனேன். அந்த அம்மாள் முகத்தில் முதல்முறையாகப் பாடத்திட்டத்தில் இல்லாத ஒரு கலவரம் தெரிந்தது.

"செய்முறைதான் சார். ஆனா ஒப்பந்தம் இல்லாம இயந்திரம் ஓடாது. அதனால நிஜ ஒப்பந்தத்துலதான் எல்லார்கிட்டயும் கையெழுத்து வாங்கினேன். தொடர்புடைய எல்லாத் தகராறுகளையும் நடுவர் ஒருசேரத் தீர்க்கலாம், முடிவு இரு தரப்பையும் கட்டுப்படுத்தும்னு அதுல தெளிவா இருக்கு."

"எங்ககிட்டச் சொல்ல வேண்டாமா அதை?"

"வகுப்புல இருக்குறது பூரா வக்கீல் சார். படிச்சுப் பார்த்துத்தான் போட்டிருப்பீங்கன்னு நினைச்சேன்."

படிக்காமல் கையெழுத்துப் போடாதே, படிக்காமல் கையெழுத்துப் போடாதே என்று ஆயுள் பூராவும் கட்சிக்காரர்களின் காதில் ஓதிய கூட்டம் நாங்கள். ஒரு வகுப்பு நிறைய உட்கார்ந்திருந்தோம். ஒரு நாய் படிக்கவில்லை.

மாசானமுத்துவைப் பிடித்தேன். "என்னவே இது? பொண்டாட்டி பொழப்புல மண்ணப் போட்டுட்டு நாக்காலியில ஒக்காந்திருக்கீரு?"

"நான் என்ன அண்ணாச்சி செய்ய? நான் கேக்கவா செஞ்சேன்? நாட்டாமை சொல்லுச்சு. ரெண்டு பேரும்தான அமுக்குனோம்?" என்றான். திருடினவன் கூட இவ்வளவு நிம்மதியாக முழிக்க மாட்டான்.

நாட்டாமை தீர்ப்பை எதிர்த்து மனுப் போட ஒரே ஒரு கோர்ட்டை மிச்சம் வைத்திருந்தார்கள். பழைய கட்டடத்தில் மாடியில் ஒரு அறை. இரு தரப்பும் திருப்தி என்று அமுக்கிவிட்டுப் போகிற ஊரில் மனுப் போட யார் வருவார்கள்? நீதிபதி நாள் முழுக்க மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு இருப்பார். நாங்கள் படியேறிப் போனபோது பெஞ்ச் கிளார்க் வழி தவறி வந்துவிட்டோம் என்று நினைத்துவிட்டார்.

நீதிபதி மனுவைப் புரட்டினார். "திருப்தின்னு அமுக்கியிருக்கீங்களேம்மா. அப்புறம் எதுக்கு இங்க வந்தீங்க?"

நான் வாயைத் திறப்பதற்குள் அவள் சொல்லிவிட்டாள். "நான் திருப்தியா இருந்தேனே, அதுதான் ஐயா என் வழக்கு."

நீதிபதி மின்விசிறியை விட்டுக் கீழே பார்த்தார். இடைக்காலத் தடை கிடைத்தது. வழக்கு முடியும்வரை அவள் தொழில் செய்யலாம்.

இயந்திரக் கம்பெனி துடித்துப்போய்விட்டது. ஒரு திருப்தி கலைந்தால் எல்லாத் திருப்தியும் கலைந்துவிடும் என்று பயம். சென்னையிலிருந்து ஒரு வக்கீலை அனுப்பினார்கள். கையில் கேஸ் கட்டுக் கிடையாது, ஒரு கண்ணாடிப் பலகை மட்டும். எழுந்து நிற்கவே தெரியவில்லை. கோர்ட் நடைமுறை எதுவும் புரியாமல், பதில் தாக்கல் செய்ய அவகாசம் வேண்டும் என்று ஒவ்வொரு முறையும் கேட்டான். நான் ஒரு முறையும் ஆட்சேபிக்கவில்லை. வாய்தா விழ விழ அவள் வக்கீலாக இருந்தாள்.

தன் வழக்கில் அவளே வாதாடினாள். நான் பக்கத்தில் பெயருக்கு உட்கார்ந்திருந்தேன். முதலில் ஒவ்வொரு வாக்கியத்தையும் 'மன்னிக்கணும்' என்று ஆரம்பித்தாள். யாரிடம் என்ன மன்னிப்போ. மழை முடிந்தபோது அந்த மன்னிக்கணும் போய்விட்டது. வெயில் ஏறியபோது சென்னைக்காரன் குறுக்கே பேச எழுந்தான். "நான் இன்னும் முடிக்கல, உக்காருங்க" என்றாள். உட்கார்ந்தான். செய்தி பரவி, எங்கெங்கிருந்தோ கட்சிக்காரர்கள் அவளைத் தேடி வந்தார்கள். நாட்டாமையிடம் திருப்திப்பட்டுவிட்டு வீட்டுக்குப் போய் அழுதவர்கள் அத்தனை பேர் இருந்திருக்கிறார்கள்.

மாசானமுத்து எதிர்மனுதாரர். ஆரம்பத்தில் கோட்டுப் போட்டுக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்தான். பிறகு மத்தியானம் அவளுக்குச் சாப்பாட்டு அடுக்கைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் பின்வரிசைக்குப் போனான். பிறகு பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு வந்தான். கோட்டு எப்போது கழன்றது என்று யாரும் கவனிக்கவில்லை. நானும்தான்.

வாதம் முடிந்தது. ஒரு தீர்ப்பு எழுதினால் நாட்டில் பாதித் தீர்ப்பு ஆடும் என்று நீதிபதிக்குத் தெரியும். மனுஷன் பயந்துவிட்டார். தீர்ப்பை ரத்து செய்கிறேன் என்றும் சொல்லவில்லை, செல்லும் என்றும் சொல்லவில்லை. முதல் அளவு செய்முறை வகுப்பில் எடுக்கப்பட்டது, ஆகவே முழு அறிவுடன் இருவரையும் மறுபடி அளந்து வரவும் என்று தலைவலியை நாட்டாமைக்கே திருப்பி அனுப்பினார். இவ்வளவு நாள் மின்விசிறியைப் பார்த்த மனிதரிடம் வேறென்ன எதிர்பார்ப்பது?

"போச்சு. மறுபடி அந்தச் சவத்துப் பெட்டிதான். மறுபடி சட்டியை வழிச்சுத் தின்னத்தான் சொல்லும்" என்றேன். அவள் பட்டையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். இந்த முறை நான் உடன் அமர்ந்தேன். சான்றிதழ் வாங்கியதற்கு அந்த ஒரு நாள்தான் பிரயோஜனம்.

பெட்டி அவளிடம் கேட்டது. தொழிலை விட்டால்? நாற்காலியை மட்டும் விட்டால்? பாதி நாள் மட்டும் போனால்? எல்லாக் கேள்விக்கும் அவள் நெற்றிப்பட்டையில் சிவப்பு விளக்குத்தான் எரிந்தது. எதையும் தாங்க மாட்டாள். அவன் பக்கம் திரும்பிக் கேட்டது. அவன் விளக்கு எதற்கும் சிவக்கவில்லை. பச்சையாகவே இருந்தது.

தீர்ப்பு வந்தது. பிரம்மசக்தி தொழிலில் தொடர்கிறார். மாசானமுத்து தொழிலிலிருந்து விலகுகிறார். இது இருவருக்கும் தாங்கக்கூடியது.

அவன் பொத்தானை அமுக்கினான். திருப்தி.

நான் எழுந்து நின்று கை தட்டினேன். வெட்கமில்லாமல் தட்டினேன். "அடிச்சா பாரு! பெட்டிய அதோட வாயாலயே சொல்ல வச்சிட்டியே தாயி!" என்றேன். நோட்டரியிலிருந்து ஹெப்சிபா வரைக்கும் எல்லார் முகத்திலும் இதைத் தேய்க்க வேண்டும் என்று இருந்தது.

அவள் பொத்தானைத் தொடவே இல்லை. அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் சிரித்த மாதிரி இருந்தான்.

வெளியே வந்ததும் வராந்தாவில் நின்றாள். "அண்ணாச்சி, மனு எழுதுங்க."

"என்ன மனு?"

"இந்தத் தீர்ப்ப ரத்து செய்யச் சொல்லி. நான் அமுக்காட்டாலும் ஒப்பந்தப்படி அது செல்லும்லா."

"கோட்டி புடிச்சிருக்கா ஒனக்கு? நீ ஜெயிச்சிருக்கட்டீ! ஜெயிச்சவ எங்கயாவது அப்பீலுக்குப் போவாளா? சிரிப்பா சிரிப்பானுவ!"

"சிரிக்கட்டும். அவ்வோ மொகத்தப் பாத்தியளா? அந்த மொகத்த நான் கண்ணாடியில பாத்திருக்கேன். அன்னைக்கு நான் தாங்குவேன்னு எந்தலையில வச்சுது. இன்னைக்கு அவ்வோ தாங்குவாகன்னு அவ்வோ தலையில வைக்கு. யாருக்கு நியாயம்னு எப்ப அண்ணாச்சி பாத்துது? நான் இத்தன நாளு கத்துனது என் பேர எடுத்துட்டு அவ்வோ பேர எழுதுறதுக்கா?"

"அந்தப் பய பாவம்னு பாக்கியா? ஒன்னக் கவுத்துவிட்டப்ப நிம்மதியா முழிச்சவன் அவன்."

"பாவம்னு பாக்கல. கோவமாத்தான் இருக்கு. இன்னும் ஆறல. ஆனா எங்கோவத்துக்கு எனக்கு ஒரு பதில் வேணும். அவ்வோ இன்னமும் ஒண்ணுமே சொல்லல அண்ணாச்சி. பெட்டிதான் சொல்லுது."

மனு எழுதினேன். பெஞ்ச் கிளார்க் வாங்கிப் பார்த்துவிட்டு, ஜெயித்தவர் மனுப் போட வழியில்லை என்று திருப்பினார். திருப்பிக் கொடுத்ததை மறுபடி நீட்டினேன். தனக்கு ஆதாயமான தீர்ப்பைத் தானே எதிர்க்கிற மனுவைப் பார்த்து நீதிபதி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அப்புறம் மனுவுக்கு எண் கொடுத்து விசாரணைக்கு எடுக்க உத்தரவிட்டார். பாவி மனுஷனுக்கும் கொஞ்சம் ரோஷம் மிச்சம் இருந்திருக்கிறது.

விசாரணை அன்று மாசானமுத்து எதிர்மனு தாக்கல் செய்திருந்தான். தனக்குத் தீர்ப்பில் எந்த ஆட்சேபணையும் இல்லை, பூரண திருப்தி, மனுவைத் தள்ளுபடி செய்ய வேண்டும். மனைவியின் மனு ஜெயித்தால் இவனுக்குத் தொழில் திரும்பக் கிடைக்கும். அதையும் வேண்டாம் என்று எழுதிக் கொண்டுவந்திருக்கிறான். இப்படிப்பட்ட ஒரு ஜென்மத்தை என் அனுபவத்தில் நான் பார்த்ததில்லை.

அவனைக் கூண்டில் ஏற்றினோம். சத்தியப் பிரமாணம் எடுத்தான். நான் கவுனைச் சரி செய்துகொண்டு எழுந்தேன். நெடுநாளைக்கு அப்புறம் ஒரு குறுக்கு விசாரணை. நாக்கு ஊறியது.

"நான் கேக்கேன் அண்ணாச்சி" என்று அவள் என் கவுனைப் பிடித்து உட்காரவைத்தாள்.

கூண்டுக்குப் பக்கத்தில் போய் நின்றாள். கையில் ஒரு தாளும் இல்லை.

"ஒங்களால எதத் தாங்க முடியும்னு நான் கேக்கல. ஒங்களுக்கு என்ன வேணும்?"

அவன் நீதிபதியைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். பழக்கதோஷத்தில் நெற்றியைத் தடவினான். அங்கே பட்டை இல்லை.

சென்னைக்காரன் எழுந்தான். "மாண்புமிகு நீதிபதி அவர்களே, சாட்சியின் திருப்தி ஏற்கெனவே பதிவாகியிருக்கிறது. இந்தக் கேள்வி தேவையற்றது, கோர்ட்டின் நேரம் வீணாகிறது."

"உட்காருங்க. கோர்ட்டுக்கு நேரம் இருக்கு" என்றார் நீதிபதி. பேனாவை மூடிக் கீழே வைத்தார்.

மாசானமுத்து கூண்டின் கட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றான். வாய் திறந்தது, மூடியது. அவள் எடுத்துக்கொடுக்கவில்லை. ஆயுளில் முதல்முறையாக அவனுக்கு யாரும் எழுதிக்கொடுக்காத ஒரு பதில். அவன் வாயிலிருந்து வரப்போவது, நீ வீட்டில் இருக்க வேண்டும் என்பதாகவும் இருக்கலாம். அது அவளுக்கும் தெரியும். தெரிந்துதான் கேட்டிருந்தாள்.

கடைசியில் அவன் அவளைப் பார்த்தான்.

"நெசத்தச் சொல்லலாமா?" என்றான். இப்போதுதான் சத்தியம் செய்தவன் கேட்கிற கேள்வி.

"சொல்லுங்க. பொறவு நானும் சொல்லுவேன்" என்றாள்.